வேலியும் களமும்: பேஜ் ஃபென்ஸ் ஜயன்ற்ஸ் குழுவின் நான்கு ஆண்டுகள்

விளையாட்டுக்களின் வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர் வென்றார், எத்தனை புள்ளிகளால் வென்றார், எவ்வாண்டில் வென்றார் என்பவற்றுக்கு அப்பால் அது செல்வது அரிது. ஆயின், ஒரு சமுதாயம் தன் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிக்கின்றது, தன் ஆட்டக்களத்தினுள் எவரை அனுமதிக்கின்றது, எவரை வெளியே நிறுத்துகின்றது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், விளையாட்டின் வரலாறு சமூக வரலாற்றின் ஒரு கூறாகிவிடுகின்றது. அரசியல் ஆவணங்களும் சட்டப் புத்தகங்களும் கூறாத சில உண்மைகளை ஆட்டக்களம் கூறிவிடுதலும் உண்டு.

இந்நோக்கில் ஆராயத்தக்கது, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஏட்ரியன் என்னும் சிறு நகரத்தோடு இணைந்த ஒரு பேஸ்போல் குழுவின் கதையாகும். 'பேஜ் ஃபென்ஸ் ஜயன்ற்ஸ்' என்பது அக்குழுவின் பெயர். 'பேஜ் வேலிக் கம்பனியின் இராட்சதர்' என அதனைத் தமிழிற் கூறலாம். கறுப்பினத்தவரை மாத்திரமே ஆட்டக்காரராகக் கொண்ட இக்குழு 1895 ஆம் ஆண்டிற் களமிறங்கி, 1898 ஆம் ஆண்டோடு கலைந்துபோயிற்று. நான்கே பருவங்கள்! அவற்றுள் ஒரு பருவத்தில், இக்குழு தொடர்ச்சியாக 82 ஆட்டங்களில் வென்றதாகப் பதிவுகள் கூறுகின்றன. இத்துணைத் திறமை வாய்ந்த குழு ஏன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேஸ்போல் ஆட்டத்தின் நுணுக்கங்களை ஆராய்வது ஈண்டு நோக்கமன்று. ஒன்பதின்மர் கொண்ட இரு குழுக்கள், எறியப்படும் பந்தை மட்டையால் அடித்து, நான்கு முனைகளைச் சுற்றியோடி ஓட்டங்களைப் பெறுவதற்குப் போட்டியிடும் ஆட்டம் அது என்பதை அறிந்திருத்தல் போதுமானது.

எழுதிய விதியும் எழுதாத இணக்கமும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிவுற்றது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்கு இரண்டாண்டுகளின் பின், 1867 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம், அன்றைய பேஸ்போல் கழகங்களின் தேசிய சங்கம் கூடி, கறுப்பினத்தவரை உறுப்பினராகக் கொண்ட கழகங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என முடிவு செய்தது. இது வெளிப்படையாக எழுதப்பட்ட விதி. ஆனால் அச்சங்கம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. பின்னர் 1876 இல் தோன்றிய தேசிய லீக்கோ, அதனையடுத்துத் தோன்றிய ஏனைய லீக்குகளோ பொதுவாக அத்தகைய விதியைத் தம் ஏடுகளில் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமையால் கதவு திறந்திருந்தது என்று கருதுதல் தவறாகும். அதே வேளையில், அக்கதவு ஒரே நாளில் மூடப்பட்டதுமன்று. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே மனங்கொள்ளுதல் வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் கல்வி பயின்றவரும் அதன் குழுவில் ஆடியவருமான மோசஸ் ஃபிளீற்வுட் வோக்கர் என்னும் கறுப்பினத்தவர், 1884 இல் ஒகையோ மாநிலத்தின் டொலிடோ நகரக் குழுவுக்காக, அன்று முதனிலை லீக்குகளுள் ஒன்றாக விளங்கிய அமெரிக்கன் அசோசியேசனில் விளையாடினார். சிறு நகரங்களின் கழகங்கள் சேர்ந்தமைத்த இரண்டாந்தர லீக்குகளில், அதாவது 'மைனர் லீக்' என வழங்கப்படுவனவற்றில், வேறு பல கறுப்பினத்தவரும் ஆடினர். எனினும் எதிர்ப்பு வளர்ந்துகொண்டே வந்தது. சிக்காகோக் குழுவின் தலைவராகிய கப் அன்சன், 1883 இல் டொலிடோவில் நடந்த ஒரு ஆட்டத்தில் வோக்கர் ஆடினால் தாம் ஆடப்போவதில்லை என அச்சுறுத்தினார். ஆயின் அன்று அவரே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. நான்காண்டுகளின் பின் நிலைமை மாறியிருந்தது. 1887 ஆம் ஆண்டு யூலை 14 ஆம் நாள், இன்ரர்நஷனல் லீக் என்னும் மைனர் லீக்கின் நிருவாகிகள் கூடி, கறுப்பின ஆட்டக்காரருடன் செய்யப்படும் புதிய ஒப்பந்தங்களை இனி அங்கீகரிப்பதில்லை என 6 வாக்குகளுக்கு 4 என்ற வீதத்தில் முடிவு செய்தனர். அதே நாளிலேயே, அன்சனுடைய குழுவுக்கெதிராக நியூவாக் நகரில் நடந்த ஆட்டத்தில், ஜோர்ஜ் ஸ்ரோவி என்னும் சிறந்த கறுப்பினப் பந்தெறிவாளர் களமிறங்கவில்லை.

இவற்றின் பின்னர் கழக உரிமையாளரிடையே ஓர் இணக்கம் வேரூன்றியது. அதற்குக் கையொப்பமில்லை, திகதியில்லை, பொறுப்பாளி என்று சுட்டத்தக்க எவருமில்லை. எழுதிய விதியை எதிர்த்து வழக்காடலாம், மாற்றுமாறு கோரலாம். எழுதாத இணக்கத்தை எதிர்ப்பவனுக்கோ அப்படியொன்று இல்லை என்ற பதிலே கிடைக்கும். இதுவே அவ்விணக்கத்தின் வலிமையாயிற்று.

வேலி நகரம்

ஏட்ரியன் மிச்சிகனின் தென்கிழக்கில் லெனவி மாவட்டத்தில் அமைந்த நகரம். 1890களில் அதன் மக்கள்தொகை பத்தாயிரத்தை எட்டவில்லை. சிறு நகரமாயினும் அதற்கு இரு சிறப்புக்கள் இருந்தன. முதலாவது, 1836 இலேயே டொலிடோவையும் ஏட்ரியனையும் இணைத்து ஒரு புகையிரதப் பாதை அமைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது, அடிமை முறையை எதிர்த்தோரின் நிலையமாக அப்பிரதேசம் விளங்கியது. லோரா ஹவிலாண்ட் என்னும் பெண்மணி 1837 இல் ஏட்ரியனுக்கு அருகில் நிறுவிய பாடசாலை, வெள்ளையரையும் கறுப்பரையும் ஒருங்கே சேர்த்துக் கற்பித்தது. தெற்கிலிருந்து தப்பியோடி வந்த அடிமைகளுக்கு அவர் புகலிடமளித்தார்.

மிச்சிகன் மாநிலம் 1885 இல், உணவகம், விடுதி முதலிய பொது இடங்களில் இனம் பற்றிப் பாகுபாடு காட்டுதலைத் தடை செய்து சட்டமியற்றியது. 1890 இல், தெற்றோயிற் நகரத்து உணவகமொன்றிற் கறுப்பினத்தவர் ஒருவரைத் தனியிடத்தில் அமருமாறு கூறியமை சட்டத்துக்கு மாறானது என அம்மாநில உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இங்ஙனம் சட்டத்தளவில் அமெரிக்காவின் ஏனைய பல மாநிலங்களைவிட மிச்சிகன் முன்னேறியிருந்தது எனலாம். ஆனாற் சட்டம் உணவகத்துக்குப் பொருந்தியதே தவிர, பேஸ்போல் குழுவுக்கு எவரைச் சேர்ப்பது என்பதை அது தொடவில்லை.

இந்நகரத்திலேதான் ஜே. வாலஸ் பேஜ் என்பார் 1880களிற் கம்பிகளைப் பின்னி வேலி செய்யும் தொழிலைத் தொடங்கினார். முட்கம்பி வேலி கால்நடைகளைக் காயப்படுத்தியது; மரவேலிக்குச் செலவு அதிகம். பின்னிய கம்பிவேலி இவ்விரு குறைகளுக்கும் பரிகாரமாக அமைந்தது. பேஜின் கம்பனி வேகமாக வளர்ந்தது. 'உலகின் வேலித் தலைநகரம்' என ஏட்ரியன் பெயர்பெற்றது. அமெரிக்காவின் மத்திய மேற்கு முழுவதும் பரந்து கிடந்த விவசாயிகளுக்கு வேலியை விற்க வேண்டுமாயின் அதன் பெயரை அவர்கள் காதிற் போடவேண்டும். அதற்கான வழியொன்றைக் கம்பனி தேடிக்கொண்டிருந்த வேளையிலேயே, ஆட்டக்காரர் இருவர் பணவுதவி தேடிக்கொண்டிருந்தனர்.

பவுலரும் ஜோன்சனும்

அவ்விருவருள் மூத்தவர் பட் பவுலர். ஜோன் ஜக்சன் என்பது அவரது இயற்பெயர். 1858 இல் நியூயோர்க் மாநிலத்தின் ஃபோட் பிளேன் என்னும் ஊரிற் பிறந்து, கூப்பர்ஸ்ரவுன் என்னும் ஊரில் வளர்ந்தவர். தந்தையார் நாவிதர், பவுலரும் அத்தொழிலைக் கற்றிருந்தார். 1878 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் லின் நகரக் குழுவுக்காக அவர் ஆடினார். இன்று அறியப்பட்டவரையில், அமைப்புமுறையான தொழில்முறைப் பேஸ்போலில் ஆடிய முதலாவது கறுப்பினத்தவர் அவரே. அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டு காலம் ஊரூராக, லீக் லீக்காக அவர் அலைந்தார். திறமை கண்டு சேர்த்துக்கொள்வார்கள். எதிர்ப்புத் தோன்றியதும் விடுவித்துவிடுவார்கள். 1887 இல் பிங்ஹாம்ரன் நகரக் குழுவில் ஆடியபோது, அவருடன் ஆடிய வெள்ளையரே அவருடன் சேர்ந்து ஆட மறுத்தனர். அவர் விலக நேர்ந்தது. அவர் விலகிய சில நாட்களிலேயே மேற்குறித்த யூலைத் தீர்மானம் நிறைவேறியது.

மற்றவர் கிராண்ட் ஜோன்சன். ஒகையோவின் ஃபின்லி நகரைச் சேர்ந்த இளைஞர். பந்தை எல்லைக்கு அப்பால் அடிக்கும் ஆற்றலால் 'ஹோம் ரன்' ஜோன்சன் என அழைக்கப்பட்டவர். 1894 இல் இருவரும் ஃபின்லி நகரக் குழுவில் ஒருங்கே ஆடினர். வெள்ளையர் லீக்குகளின் தயவை எதிர்பார்த்துக் காலங் கழிப்பதைவிட, கறுப்பினத்தவர் மாத்திரம் கொண்ட சிறந்த குழுவொன்றைத் தாமே அமைத்தாலென்ன என்னும் எண்ணம் அவர்களுக்கு எழுந்தது. இதற்கு முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. 1885 இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் பகுதியிலுள்ள விடுதியொன்றைச் சார்ந்து தோன்றிய 'கியூபன் ஜயன்ற்ஸ்' குழு அவ்வாறு ஊரூராகச் சென்று ஆடிப் பெயர் பெற்றிருந்தது. அக்குழுவிற் கியூபர் எவருமிலர். அமெரிக்கக் கறுப்பினத்தவரே இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பவுலரின் எண்ணத்துக்குக் கைகொடுத்தவர்கள் ஏட்ரியன் வணிகர். பேஜ் கம்பனி பணமும் பெயரும் கொடுத்தது. மொனாக் துவிச்சக்கரவண்டிக் கம்பனியும் ஆதரவளித்தது. அகஸ்ரஸ் பாசன்ஸ் என்னும் வெள்ளையர் நிருவாகியாக அமர்த்தப்பட்டார். பவுலரும் ஜோன்சனும் ஆட்டக்காரரைத் தேடித் திரட்டினர். எண்ணமும் உழைப்பும் கறுப்பினத்தவருடையன. பெயரும் முதலும் கணக்கேடும் வெள்ளையருடையன. குழுவின் வளர்ச்சியும் முடிவும் இந்த அமைப்பினுள்ளேயே கருவாக இருந்தன.

புகையிரதப் பெட்டியும் துவிச்சக்கரவண்டியும்

ஜயன்ற்ஸ் குழு எந்த லீக்கையும் சேர்ந்ததன்று. எனவே அதற்கென வகுக்கப்பட்ட ஆட்ட அட்டவணை இருக்கவில்லை. நாடகக் கம்பனிகளைப் போல ஊர்விட்டு ஊர் சென்று, அவ்வவ்வூர்க் குழுக்களோடு ஆடி, வாயிலிற் சேரும் பணத்திலே தன் பங்கைப் பெற்றே அது வாழ வேண்டியிருந்தது. ஏட்ரியன் அதன் பெயரளவிலான இருப்பிடமேயன்றி, ஆட்டங்களிற் பெரும்பாலானவை வெளியூர்களிலேயே நடந்தன.

இப்பயணங்களுக்கெனக் கம்பனி தனிப் புகையிரதப் பெட்டியொன்றை ஏற்பாடு செய்தது. படுக்கைகளும் சமையல் வசதியும் கொண்ட அப்பெட்டி குழுவின் வீடாக அமைந்தது. பெட்டியின் வெளிப்புறம் விளம்பரப் பலகையாக விளங்கியது. ஓர் ஊரை அடைந்ததும் ஆட்டக்காரர் சீருடையணிந்து, மொனாக் துவிச்சக்கரவண்டிகளில் ஏறித் தெருக்களில் ஊர்வலமாகச் செல்வர். மக்கள் கூடுவர், பின்னர் அவர்களைத் தொடர்ந்து ஆட்டக்களத்துக்கு வருவர். வேலி, துவிச்சக்கரவண்டி, பேஸ்போல் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஊர்வலம் விளம்பரமாயிற்று. ஆட்டத்தினிடையே நகைச்சுவை காட்டிப் பார்வையாளரை மகிழ்விப்பதும் வழக்கமாயிருந்தது.

இப்புகையிரதப் பெட்டியை ஆடம்பரமென்று கருதிவிடலாகாது. கறுப்பினப் பயணிகளை விடுதிகளும் உணவகங்களும் மறுத்த காலம் அது. படுப்பதற்கும் உண்பதற்கும் எவரிடமும் கேட்டு நிற்கத் தேவையில்லாத நிலையை அப்பெட்டி அளித்தது. குழு தன் இரண்டாவது பருவத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, 1896 மே 18 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் பிளெசி எதிர் ஃபெர்கியூசன் வழக்கில், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் வெவ்வேறு புகையிரதப் பெட்டிகளை ஒதுக்கிய லூயிசியானா மாநிலச் சட்டம் செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்தது. 'பிரிந்திருப்பினும் சமம்' என்னும் கோட்பாடு அரைநூற்றாண்டுக்கு மேல் நிலைபெற அத்தீர்ப்பே வழிவகுத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஹென்றி பில்லிங்ஸ் பிரவுண், ஏட்ரியனுக்கு அண்மையிலுள்ள தெற்றோயிற் நகரிலிருந்து சென்றவர். ஒரே ஆண்டில், ஒரே மாநிலத்தோடு தொடர்புடையனவாக இரு புகையிரதப் பெட்டிகள் நம் கண்முன் தோன்றுகின்றன. ஒன்று, சட்டம் ஒதுக்கிய பெட்டி. மற்றது, அவமதிப்பைத் தவிர்க்கக் குழுவுக்குக் கிடைத்த பெட்டி. இரண்டாவதில் மகிழ்ச்சியும் தோழமையும் இருந்தன. எனினும் அதுவும் தனிப்பெட்டியே.

ஒரே நகரம், இரு குழுக்கள்

1895 ஏப்பிரிலிற் குழு தன் பயணத்தைத் தொடங்கியது. அம்மாதத்திலேயே தேசிய லீக்கைச் சேர்ந்த சின்சினாற்றிக் குழுவை இரு முறை எதிர்த்தாடித் தோற்றது. முதலாவது ஆட்டத்தில் 11–7, இரண்டாவதில் 16–2 என்பன முடிவுகள். புதிதாகத் திரட்டப்பட்ட குழுவொன்று அமெரிக்காவின் முதனிலைக் குழுவொன்றுக்கெதிராக முதலாட்டத்தில் 7 ஓட்டங்களைப் பெற்றமை இழிவன்று. அப்பருவத்தின் முடிவில் 156 ஆட்டங்களில் 118 இல் வென்று, 36 இல் தோற்று, 2 ஐச் சமநிலையில் முடித்திருந்தது. பின்னாளில் வரலாற்றாசிரியராக விளங்கிய சோல் வைற் என்பாரும் அவ்வாண்டு அக்குழுவில் ஆடினார்.

அதே 1895 இல், ஏட்ரியனுக்கு இன்னொரு குழுவும் இருந்தது. மிச்சிகன் மாநில லீக் என்னும் மைனர் லீக்கிலே நகரத்தின் பெயரால் ஆடிய வெள்ளையர் குழு அது. ஜயன்ற்ஸ் குழுவின் புகழ் பரவிக்கொண்டிருந்த யூலை மாதத்தில், அக்குழுவைத் தோற்றுவித்த பவுலரே அதைவிட்டு விலகி இந்த லீக் குழுவிற் சேர்ந்தார். பந்தெறிவாளர் ஜோர்ஜ் வில்சனும் பந்துபிடிப்பாளர் வாஸ்கோ கிரஹாமும் லீக் குழுவுக்காக ஆடினர். இருபது வயதளவினரான வில்சன் அப்பருவத்தில் 29 வெற்றிகளையும் 4 தோல்விகளையுமே பெற்றார். பின்னாளில் அமெரிக்கப் பேஸ்போலின் மிகப் பெரிய ஆட்டக்காரருள் ஒருவராகப் போற்றப்பட்ட ஹோனஸ் வாக்னர் என்னும் வெள்ளையின இளைஞரும், அவ்வாண்டிலே சில ஆட்டங்களை அந்த ஏட்ரியன் குழுவுக்காகவே ஆடினார்.

பவுலரின் இச்செயல் முதற்பார்வையில் வியப்பளிக்கலாம். தாம் அமைத்த குழுவை ஒருவர் நான்கே மாதங்களில் ஏன் கைவிட வேண்டும்? அவரது இருபதாண்டுக் கால அலைச்சலை நோக்குமிடத்து விடை ஓரளவு புலனாகின்றது. லீக்கில் ஆடுவதே அவரது வாழ்நாள் விருப்பம். தனிக்குழு என்பது லீக்கின் கதவு அடைபட்டதனால் தேடிய மாற்று வழி. கதவு சிறிது திறந்ததும் அவர் அதனுள்ளே சென்றார். கறுப்பினத்தவர் தனித்தாடுதலையே விரும்பினர் என்று அக்காலத்திற் கூறியோருக்கு இது போதிய மறுப்பாகும். அத்துடன், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரு குழுவில் ஆடுதல் இயலாத காரியம் என்பதையும் 1895 ஆம் ஆண்டின் ஏட்ரியன் மறுத்துரைக்கின்றது. வாக்னரையும் வில்சனையும் ஒரே பருவத்தில் ஏற்றுக்கொண்ட சிறு நகரமொன்று இருந்தது. எனவே, பின்னர் ஏற்பட்ட பிரிவினை இயற்கையின் விதியன்று. மனிதர் செய்த தெரிவு.

வெற்றியின் உச்சம்

வில்சன் அடுத்த ஆண்டே ஜயன்ற்ஸ் குழுவுக்குத் திரும்பினார். 1896 இலே சார்லி கிராண்ட் என்னும் இளைஞரும் வந்துசேர்ந்தார். அவ்வாண்டு, கிழக்கின் சிறந்த கறுப்பினக் குழுவாகிய கியூபன் எக்ஸ்-ஜயன்ற்ஸ் குழுவோடு 15 ஆட்டங்கள் கொண்ட தொடரொன்று நடைபெற்றது. ஏட்ரியன் குழு 10 ஆட்டங்களில் வென்று, தனக்கு நிகரில்லை என்பதை நிலைநாட்டியது. 1897 இல் 125 வெற்றிகளுக்கு எதிராக 12 தோல்விகளே அதற்கு ஏற்பட்டன; தொடர்ச்சியான 82 வெற்றிகள் அவ்வாண்டுக்குரியவை.

இவ்வெண்களை வியப்போடு மாத்திரம் நோக்குதல் போதாது. தோற்ற குழுக்களிற் பெரும்பாலானவை சிறு ஊர்களின் குழுக்கள். பகுதிநேர ஆட்டக்காரர் பலரைக் கொண்டவை. தன் தரத்துக்கேற்ற எதிரிகளோடு நாள்தோறும் ஆடும் வாய்ப்பு ஜயன்ற்ஸ் குழுவுக்குக் கிடைக்கவில்லை. அவ்வாய்ப்பை அளிக்கும் அமைப்பே லீக் என்பது. அதன் கதவு மூடியிருந்தமையாற் குழுவின் உண்மையான தரம் எத்தகையது என்பது இன்றுவரை அளக்கப்படாமலே உள்ளது. எனவே, 82 வெற்றிகள் என்பது பெருமைக்குரிய எண்ணாக இருக்கும் அதேவேளை, குழு எத்துணைத் தனிமையில் ஆடியது என்பதற்குச் சான்றாகவும் இருக்கின்றது.

கலைவு

1898 ஆம் ஆண்டின் பின் ஜயன்ற்ஸ் குழு களமிறங்கவில்லை. இதனை வெறும் பணமுடை என்று கூறி அமைதல் கூடாது. குழு விளம்பரத்துக்காகத் தோன்றியது. ஒரே ஊர்களில், ஒரே ஊர்வலம் மீண்டும் மீண்டும் செல்லும்போது விளம்பரத்தின் புதுமை குன்றுவது இயல்பு. உள்ளூர்க் குழு தோற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், வாயிலிற் பணம் கொடுத்து உள்ளே வருவோர் தொகையும் பெருகுவதற்கில்லை. லீக்கிலுள்ள குழுவுக்கு வெற்றி மேலும் மேலும் ஆதாயம் தரும். லீக்குக்கு வெளியேயுள்ள குழுவுக்கோ அளவுக்கு மிஞ்சிய வெற்றியே இடையூறாக அமையும். இம்முரண்பாடு குழுவின் ஆட்டத்தினாலன்றி, அதற்கு வெளியே போடப்பட்ட வேலியினாலேயே தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டக்காரர் சம்பளம் பெற்றனர்; ஆனாற் குழு அவர்களுடையதன்று. பெயர் வேலிக் கம்பனிக்குரியது. புகையிரதப் பெட்டியும் ஆதரவாளர் ஏற்பாடு. ஆதரவாளர் கையை எடுத்ததும், நான்காண்டு உழைப்பில் எஞ்சியது ஆட்டக்காரரின் திறமை ஒன்றே. எனினும் அதுவே பெரும் முதலாக அமைந்தது. 1899 இல் அவர்களுட் பலர் சிக்காகோ நகருக்குச் சென்றனர். அங்குக் கறுப்பினத்தவர் கழகமொன்றின் ஆதரவில் 'கொலம்பியா ஜயன்ற்ஸ்' என்னும் குழு அவர்களைக் கொண்டு அமைந்தது. வேலிக் கம்பனியின் பெயர் மறைந்தது. 'ஜயன்ற்ஸ்' என்ற பெயரும் ஆட்டமும் தொடர்ந்தன.

1898 ஆம் ஆண்டு வேறு வகையிலும் எல்லைக்கல்லாக அமைந்தது. நியூயோர்க் மாநிலத்தின் செலரன் என்னும் ஊரின் சார்பில் 'அக்மி' என்னும் கறுப்பினக் குழு அயன் அன்ட் ஒயில் லீக் என்ற மைனர் லீக்கில் ஆடியது. பருவம் முடியுமுன்னரே யூலை மாதத்தில் அதன் இடம் வெள்ளையர் குழுவுக்கு அளிக்கப்பட்டது. லீக்குகளினுள்ளே ஆடிய கறுப்பினக் குழுக்களுள் அந்நூற்றாண்டில் அதுவே கடைசி. அவ்வாண்டிலேயே லோரா ஹவிலாண்ட் அம்மையாரும் மறைந்தார். 1909 இல் ஏட்ரியனில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

வேலியைத் தாண்ட முயன்றோர்

சார்லி கிராண்டின் கதை இங்குக் குறிப்பிடத்தக்கது. 1901 இல், பல்ரிமோர் குழுவின் முகாமையாளர் ஜோன் மக்ரோ, ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹொற் ஸ்பிரிங்ஸ் நகர விடுதியொன்றிற் பணியாளராக இருந்த கிராண்டின் ஆட்டத்தைக் கண்டார். கறுப்பினத்தவரைச் சேர்க்க இயலாது. எனவே 'தொக்கஹோமா' என்னும் செவ்விந்தியர் எனப் பெயர் சூட்டிச் சேர்க்க முயன்றார். சிக்காகோ நகரில் கிராண்ட் நன்கு அறிமுகமானவர். உண்மை வெளிப்பட்டது, முயற்சி கைவிடப்பட்டது. எழுதப்படாத விதியாயினும், அதனை மீறப் பெயரையும் இனத்தையும் மாற்ற வேண்டியிருந்தது என்பதே அவ்விதி எத்துணை இறுக்கமாக இருந்தது என்பதைக் காட்டுகின்றது.

பட் பவுலர் 1913 இல் நியூயோர்க் மாநிலத்தின் ஃபிராங்ஃபேட் என்னும் ஊரில் வறுமையில் மறைந்தார். அவரது புதைகுழிக்குக் கல் நாட்டப்படவில்லை. 1987 இல் பேஸ்போல் ஆய்வாளர் சங்கமே அங்கு நினைவுக்கல்லை நாட்டியது. அவர் வளர்ந்த கூப்பர்ஸ்ரவுன் ஊரிலே 1939 இல் தேசிய பேஸ்போல் புகழ்மண்டபம் திறக்கப்பட்டது. அம்மண்டபத்தினுள் அவர் பெயர் 2022 ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டது. சோல் வைற்றின் பெயர் 2006 இற் சேர்க்கப்பட்டது. ஜக்கி றொபின்சன் 1947 ஏப்பிரில் 15 ஆம் நாள் புரூக்ளின் குழுவுக்காகக் களமிறங்கியபோது, பவுலர் மறைந்து 34 ஆண்டுகள் கழிந்திருந்தன.

வரலாறு எழுதுவோருக்கு

ஜயன்ற்ஸ் குழுவைப் பற்றிய நம் அறிவு பெரும்பாலும் இரு ஊற்றுக்களிலிருந்து வருவது. ஒன்று, அது சென்ற ஊர்களின் பத்திரிகைகள். அவை வெள்ளையரால் வெள்ளையருக்காக நடத்தப்பட்டவை. அவற்றில் ஏளனமும் வியப்பும் கலந்திருந்தன. மற்றது, சோல் வைற் 1907 இல் எழுதி வெளியிட்ட கறுப்பினப் பேஸ்போலின் வரலாறு. களத்தில் ஆடியவர் ஒருவரே எழுதியமையால், அந்நூல் பின்வந்த ஆய்வாளருக்கு அடிப்படையாயிற்று. அதை அவர் எழுதாதிருந்தால், அக்காலத்துக் குழுக்கள் பலவற்றின் பெயர்கள்கூட எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. ஒதுக்கப்பட்டோர் தம் வரலாற்றைத் தாமே எழுதுவதன் இன்றியமையாமைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2020 திசெம்பரில், அமெரிக்க முதனிலைப் பேஸ்போல் அமைப்பு, 1920 முதல் 1948 வரையிருந்த கறுப்பின லீக்குகள் ஏழினை முதனிலை லீக்குகளாக அங்கீகரித்தது. 2024 இல் அவற்றின் கணக்குகள் அதிகாரபூர்வமான பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் அந்த ஆண்டெல்லைக்கு வெளியே நிற்கின்றது 1897 ஆம் ஆண்டின் குழு. லீக்கிற் சேர்க்கப்படாதவர்கள் என்பதாலேயே, லீக்குகளின் பதிவேட்டிலும் அவர்களுக்கு இடமில்லாது போகின்றது. ஒதுக்கலின் விளைவு, ஒதுக்கல் நீங்கிய பின்னரும் ஏடுகளில் நீடிக்கும் என்பதை இது உணர்த்துகின்றது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். ஜயன்ற்ஸ் குழு நான்கு ஆண்டுகளே வாழ்ந்தது. காரணம் திறமைக் குறைவன்று, மக்கள் ஆதரவின்மையுமன்று. நிலைபெறுதற்கு வேண்டிய லீக், களம், உரிமை ஆகிய மூன்றும் அதற்கு மறுக்கப்பட்டமையே காரணம். ஆயின், நிறுவனத்தின் ஆயுளைக் கொண்டு மட்டும் அதனை அளப்பது பொருந்தாது. ஏட்ரியனிற் கூடிய ஆட்டக்காரர் சிக்காகோவுக்குச் சென்றனர். அங்கு வளர்ந்த கறுப்பினப் பேஸ்போல் மரபிலிருந்தே, ரூப் பொஸ்ரர் என்பார் 1920 இல் நிறுவிய நீக்ரோ தேசிய லீக் தோன்றியது. நிறுவனங்கள் கலைந்தாலும் மனிதர் தாம் கற்றதை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துச் செல்வர். குறுகிய காலமே வாழ்ந்த அமைப்புக்களின் வரலாற்றை எழுத முற்படுவோர், அவை எப்போது முடிந்தன என்பதோடு நின்றுவிடாது, அவற்றிலிருந்தவர்கள் பின்னர் எங்கே சென்றார்கள் என்பதையும் தேடுதல் வேண்டும்.